ஊர் கேட்காத மேஜை

முதல் நாள்: எல்லாம் சைபர்

முழங்கால் தேய்ந்துபோனதால்தான் எனக்கு அந்த மேஜை கிடைத்தது. இருபத்தெட்டு வருஷம் வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் ஓடிய நர்ஸ் நான். "பாக்கியம் சிஸ்டர், இனிமே மாடிப்படி வேண்டாம்" என்று எலும்பு டாக்டர் சொன்ன பிறகு, எங்கள் ஆஸ்பத்திரியின் பொது மருத்துவ ஓ.பி.யில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை கடைசி நாலு வருஷம் அங்கேதான். நர்சிங் முடித்துவிட்டு வேலைக்கு வரும் பெண்கள் இப்போதும் அவ்வப்போது போன் செய்து யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஓ.பி. டாக்டர் கார்த்தி. என் மகன் வயசு. ஒரு திங்கட்கிழமை காலையில் கையில் ஒரு கட்டு ஜெராக்ஸ் பேப்பரோடு வந்தார்.

"சிஸ்டர், படபடப்பு, மயக்கம், தூக்கமில்லைன்னு எத்தனையோ பேர் வர்றாங்க. ஈ.சி.ஜி. நல்லா இருக்கு, தைராய்டு நல்லா இருக்கு. ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பறோம். பத்தே நாள்ல திரும்பி வர்றாங்க. இனிமே அவங்களுக்கு இந்தப் பேப்பரைக் குடுங்க."

பேப்பரில் ஏழு கேள்வி. போன ரெண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, கண்டதற்கெல்லாம் கவலைப்பட்டீர்களா, உடம்பும் மனசும் ஓயவில்லையா, ஓரிடத்தில் உட்கார முடியவில்லையா, சுள்ளென்று எரிச்சல் வந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் நாலு பதில். இல்லவே இல்லை என்றால் சைபர், சில நாள் என்றால் ஒன்று, பாதி நாளுக்கு மேல் என்றால் ரெண்டு, கிட்டத்தட்ட தினமும் என்றால் மூணு. கூட்டினால் பத்தோ அதற்கு மேலோ வந்தால் அவரை டாக்டர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்.

"இது நோயைச் சொல்ற பேப்பர் இல்லைங்க சிஸ்டர். யார்கூட உக்காந்து பேசணும்னு நமக்குச் சொல்ற பேப்பர். அவங்களே நிரப்பணும். நாம சொல்லிக் குடுக்கக்கூடாது."

முதல் நாள் இருபது பேருக்குக் கொடுத்தேன். பதினேழு பேருக்கு சைபர். மீதி மூணு பேருக்கு ஒன்று, ரெண்டு. டாக்டர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம ஜில்லாவுல யாருக்குமே கவலை இல்லையாட்ட இருக்குங்களே சிஸ்டர்."

"நல்ல சனங்க சார்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

என் வழக்கம்

பேப்பர் கொடுப்பதற்கு முன்னால் நான் எல்லோரிடமும் பேசுவேன். சும்மா பேப்பரை நீட்டுவது மரியாதை இல்லை என்பது என் கட்சி. "வாங்க, உக்காருங்க. ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று ஆரம்பிப்பேன். ஊரைச் சொன்னால் "அங்க ஆரு ஊடுங்க?" என்பேன், யார் வீடு என்று. அடுத்தது எந்தத் தோட்டம், எந்த வீதி. நாலாவது கேள்விக்குள் அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், இல்லாவிட்டால் கூடப் படித்தவர், அதுவும் இல்லாவிட்டால் பால் ஊற்றுகிறவர். அவிநாசியிலிருந்து ஆனைமலை வரைக்கும் எனக்குத் தொடர்பு கிடைக்காத ஊர் கிடையாது.

இந்த வித்தை நான் ஊசி போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டது. ஊசிக்குப் பயப்படுகிற ஆளிடம் ஊரைக் கேட்டால் போதும். அவர் பேரூரில் வாக்கப்பட்ட பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கி, பஞ்சும் வைத்திருப்பேன். "போட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். இருபத்தெட்டு வருஷம் கைகொடுத்த வித்தை என்பதால் இந்த மேஜையிலும் கைகொடுக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பக்கத்து மேஜையில் ஜின்ஸி. பாலக்காட்டுப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான். நம் பேச்சில் பாதிதான் அவளுக்குப் புரியும். ஊர் கேட்கவும் தெரியாது, கேட்டாலும் சூலூர் கிழக்கா மேற்கா என்று தெரியாது. பேப்பரையும் பேனாவையும் கொடுத்து, "அங்கிள், மெதுவா எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பெரியவர்களை "எழுதிக்கோ" என்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. ஒருநாள் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். பேப்பரை நான் அந்தம்மாவிடம் கொடுத்தால், அவர் வாங்கிக்கொண்டார். "அவளுக்கென்னங்க தெரியும்? நானே போட்டுத் தாரேன்" என்று மடமடவென்று ஏழு சைபர் போட்டார். அந்தம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஜின்ஸி எழுந்து வந்தாள். "அங்கிள், பில் கவுண்டர்ல கூப்பிடுது" என்று அவரை அனுப்பிவிட்டு, புதுப் பேப்பர் ஒன்றை அந்தம்மா கையில் கொடுத்தாள். கவுண்டரில் யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு ஸ்கோர் பதிமூணு.

தொண்டாமுத்தூரிலிருந்து வந்த மச்சான்கள் ரெண்டு பேர் கதை வேறு. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் எட்டிப் பார்த்துக் காப்பி அடித்தார். ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கோர். ஓரிடத்தில் உட்கார முடியவில்லையா என்ற கேள்விக்கு மட்டும் ரெண்டு பேரும் மூணு போட்டிருந்தார்கள். என்னவென்று டாக்டர் கேட்டதற்கு, "தோட்டத்துல தெனமும் யானை எறங்குதுங்க சார். உக்காந்திருந்தா ஆகுமுங்களா?" என்றார்கள். பேப்பர் மட்டும் போதாது, பேசியாக வேண்டும் என்று டாக்டர் ஏன் சொன்னார் என்பது அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மஞ்சப்பைக்காரர்

இனி வருகிறவரை நாச்சிமுத்து என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதையே எழுதுகிறேன்.

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. ஐம்பத்தஞ்சு வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் தேங்காயோ என்று பார்த்தால் முழுக்க ஈ.சி.ஜி. எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தது, பொள்ளாச்சியில் எடுத்தது, திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பயந்துபோய் எடுத்தது. ரப்பர் பேண்டு போட்டு, ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். எல்லாமே நார்மல்.

"ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்தேன். ஊரைச் சொன்னார். "எந்தத் தோட்டமுங்க?"

"பெரியதோட்டமுங்க."

"அட! எங்க சின்னம்மா ஊடு உங்களுக்கு அடுத்த தோட்டமுங்க!" மேஜையைத் தட்டியே சொன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அப்படீங்களா அம்மணி, ரொம்ப சந்தோசமுங்க" என்றார். பேப்பரை வாங்கி, மூக்குக் கண்ணாடி போட்டு, ஏழு கேள்விக்கும் சைபர் போட்டு, ரெண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கறனுங்க. சும்மா ஒருக்கா காட்டிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

டாக்டர் சைபரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "மனசுல ஒண்ணுமில்லைங்கறார். அப்ப எதுக்கும் இதய டாக்டரை ஒருதடவை பார்க்கச் சொல்லலாம்" என்று எழுதிக்கொடுத்தார். இதய டாக்டரிடம் போகச் சொல்லி எழுதிய சீட்டை வாங்கும்போது நாச்சிமுத்து முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சின்னம்மாவோடு வழக்கமான போன். என்ன குழம்பு, மழை உண்டா என்பதற்கு நடுவில், "உங்க பெரியதோட்டத்துக்காரர் இன்னைக்கு எங்க ஓ.பி.க்கு வந்தாருங்க சின்னம்மா. ஒண்ணுமில்லையாமா, நல்லாத்தான் இருக்காரு" என்றேன். நல்ல சேதிதானே சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

ஜின்ஸியின் பதினெட்டு

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஒருநாள் லீவு போட்டேன். திரும்பி வந்த காலையில் டாக்டர் மேஜையில் ரெண்டு பேப்பர் இருந்தன. ரெண்டும் நாச்சிமுத்துவுடையவை. நான் வாங்கியதில் சைபர். நேற்று ஜின்ஸி வாங்கியதில் பதினெட்டு.

"எட்டு நாள்ல சைபர்லருந்து பதினெட்டு. எதை நம்பறது சிஸ்டர்?"

எனக்குச் சுருக்கென்றது. நேராக ஜின்ஸியிடம் போனேன். "ஏம்புள்ள, தமிழ் தெரியாம நீயே டிக் அடிச்சுப்போட்டயா? அவரை எனக்குத் தெரியும். ஒரு கவலையும் இல்லாத மனுசன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இல்ல சேச்சி. நான் பேனா மட்டும்தான் கொடுத்தேன். அவரு எழுதிட்டு, கொறச்சு நேரம் கரஞ்சு. நான் தண்ணி கொடுத்தேன்."

கொறச்சு என்றால் அவள் பாஷையில் கொஞ்சம், கரைவது என்றால் அழுவது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஆம்பளை, ஊர் பேர் தெரியாத ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் யார்மேல் கோபம் என்பதுதான் குழம்பிப்போனது.

வாசல் வரை வந்தவர்

டாக்டர் வரச் சொன்னபடி ரெண்டு நாள் கழித்து நாச்சிமுத்து வந்தார். உள்ளே நாற்பது நிமிஷம் பேசினார்கள். வெளியே வந்தவரை நான் தாழ்வாரத்தில் மறித்துக்கொண்டேன். அதுவும் தப்புதான், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, எங்கிட்ட ஒண்ணுமில்லைன்னீங்க. அந்தப் புள்ளைகிட்ட மட்டும் எல்லாத்தையும் எழுதியிருக்கறீங்களே?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. நீங்க நம்ம சனமாச்சுங்க. என்ற பொண்ண ஓசூர்ல குடுத்திருக்கறனுங்க. மாசமா இருக்குது. இன்னும் ஆறு வாரத்துல கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயி, அங்க விருந்து வெச்சு, பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரோணும். அந்தத் திருப்பூர்க் கல்யாணத்துக்கப்பறம் என்னால பல்லடம் தாண்டிப் போக முடியலீங்க. நடு வழியில நெஞ்சு நின்னுபோச்சுன்னா என்ன பண்றதுன்னு கையெல்லாம் நடுங்குது. அப்பன் வல்லைன்னா ஏன் வல்லைம்பாங்க. மனசு சரியில்லாத ஆளுன்னு சம்மந்தி ஊட்டுல ஒரு வார்த்தை உளுந்துபோச்சுன்னா, அதச் சுமக்கப்போறது என்ற புள்ளைங்க. மாசமா இருக்கற புள்ளைங்க."

"நான் போயி ஆருகிட்டயாவது சொல்லுவனுங்களா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "மறுநாக் காலையில உங்க சின்னம்மா எங்கூட்டுக்காரிகிட்ட, ஆசுபத்திரிக்குப் போனாராமா, என்ன ஏதுன்னு கேட்டுதுங்க. தப்பா ஒண்ணும் கேக்கல. அக்கறையாத்தான் கேட்டுது."

அவரே மேலே சொன்னார்.

"நாலு நாளைக்கு ஒருக்கா காரை எடுத்துட்டு வந்து உங்க கேட்டுக்கு எதுத்தாப்புல நிறுத்தி உக்காந்துக்குவனுங்க. உள்ள வரமாட்டேன். டாக்டருங்க பக்கத்துல இருக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதும், படபடப்பு அடங்கிப்போகும். அப்பறம் ஒருநா உள்ளயே வந்து உண்மையச் சொல்லிப்போடலாம்னு வந்தனுங்க. கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தா நீங்க உக்காந்திருந்தீங்க. திரும்பிப் போயிட்டனுங்க. மறுநா வந்தேன், அப்பவும் இருந்தீங்க. மூணா நா நீங்க இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு என்ற ஊரு எந்தத் திக்குல இருக்குதுன்னே தெரியாது. அதுதான் எழுதிப்போட்டனுங்க."

செத்துவிடுவோம் என்று பயந்துகொண்டு வந்த மனுஷர், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக ரெண்டு தடவை வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார். இருபத்தெட்டு வருஷத்தில் என்னென்னவோ திட்டு வாங்கியிருக்கிறேன். யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகக் கூனிக் குறுக வைத்ததில்லை. "மன்னிச்சுப்போடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். "அய்யோ, உடுங்க அம்மணி" என்று என்னைச் சமாதானம் செய்வதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது.

பேப்பரை மடிக்கச் சொன்னது

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். சின்னம்மாவிடம் பேசியதையும் மறைக்கவில்லை. நோயாளி வந்தார் என்பதை வெளியில் சொல்வதே குற்றம் என்று நர்சிங் பள்ளியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது எய்ட்ஸுக்கும் காசநோய்க்கும் மட்டும்தான் என்று நானாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"எழுத்துல ஒரு விளக்கம் குடுங்க சிஸ்டர். அது ரூல். ஆனா நானும்தான் உள்ள கூப்பிட்டதும் எந்த ஊருங்கன்னு கேக்கறேன்" என்றார்.

அன்றைக்கே ஜின்ஸியிடமும் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல சேச்சி" என்று என் டிபன் பாக்ஸிலிருந்து ரெண்டு ஒப்புட்டுப் போளி எடுத்துத் தின்றாள். சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று அர்த்தமாம்.

பிறகு மூணு பேரும் உட்கார்ந்து வேலையை மாற்றினோம். பேப்பரின் தலையில் பெயர், ஊர் இருந்ததை எடுத்துவிட்டோம். ஓ.பி. நம்பர் மட்டும். கூட வந்தவர்களை எதிர் வராந்தாவில் உட்காரச் சொன்னோம். எழுதி முடித்ததும் நாலாக மடித்து, டாக்டர் கையில் அவர்களே கொடுக்க வேண்டும். எங்கள் ரெண்டு பேர் கண்ணிலும் அது படக்கூடாது. எழுதத் தெரியாதவர்களை ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் கேள்வியை வாசித்துக் காட்டும் வேலை ஜின்ஸிக்கு. அதற்காகவே அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேல், ஊர் கேட்கிற வேலையை நான் நிறுத்தினேன்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒரு வாரம் நாக்கில் அரிப்பெடுத்தது மாதிரி இருந்தது எனக்கு. எதிரில் உட்காருகிறவர் ஜாடையில் சோமனூர்க்காரர் என்று தெரியும், கேட்க முடியாது. "சேச்சி, சோதிக்கல்லே" என்று பக்கத்து மேஜையிலிருந்து குரல் வரும். கேட்காதீங்க என்று அர்த்தம். பேனாவை நீட்டி, "மெதுவா எழுதுங்க, அவசரமில்லீங்க" என்று மட்டும் சொல்லப் பழகினேன். ஒரே மாசத்தில் டாக்டரின் மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்குத் தள்ளிப்போனது. அத்தனை பேரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

நாச்சிமுத்துவின் ஃபைல் என் மேஜைக்கு வரவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். அதனால் அவருக்கு என்ன மருந்து, மாடியில் கவுன்சலர் மேடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைதோறும் அவர் மாடிப்படி ஏறுவதைப் பார்ப்பேன். தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். மூணாவது வாரம் மஞ்சப்பை மெலிந்திருந்தது. அஞ்சாவது வாரம் கை வீசிக்கொண்டு ஏறினார். அன்று கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

ஓசூர் விருந்து எந்தத் தேதி என்று எனக்குத் தெரியாது. போனாரா, பாதி வழியில் திரும்பினாரா என்ற யோசனையாகவே இருந்தேன். ஏழாவது செவ்வாய் அவர் வரவில்லை. எட்டாவதும் வரவில்லை. டாக்டரிடம் கேட்டால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அந்த வாரம் சின்னம்மா போன் செய்தது. குழம்பு, மழை எல்லாம் ஆன பிறகு குரலைத் தணித்துக்கொண்டது.

"கண்ணு, பெரியதோட்டத்துக்காரர் சமாச்சாரம் கேட்டயா? ஒரு வருசமா தூரந்தொலைவு எங்கயும் போகாம கெடந்த மனுசன், ஓசூருக்கு அவரே காரோட்டிக்கிட்டுப் போயி, கட்டுச்சோத்து விருந்து வெச்சு, புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. பந்தியில நின்னு அவரே பரிமாறுனாராமா. பொண்ணு முகத்துல அப்படியொரு சிரிப்பு. ஏங்கண்ணு, உங்க ஆசுபத்திரிக்குத்தான வந்தாரு? என்ன வைத்தியம் பண்ணுனீங்க?"

எனக்கு ஏதாவது நாலு வார்த்தை சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் பங்கு கேட்க வேண்டும்போல் இருந்தது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"ஆரைச் சொல்றீங்க சின்னம்மா? தெனமும் எத்தனையோ பேர் வர்றாங்க. எனக்கு ஆரையும் தெரியாதுங்களே" என்றேன்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எதிரில் உட்காருகிறவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவராக உட்கார்ந்து பேனாவை நீட்டுங்கள்.